கள்ள மூச்சு

டிசம்பர் 4, வியாழன்

இன்று யாழரசியின் கல்யாணம் நின்றுபோனது. இது மூன்றாவது முறை. இந்தத் தடவை தாலியை மாப்பிள்ளையின் அத்தை ஒளித்துவைத்துவிட்டாள். காலையிலிருந்து மதியச் சாப்பாடு வரைக்கும் விம்மி விம்மி அழுதேன். பிறகு எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டேன்.

யாழரசி என்பவள் 'மஞ்சள் வாசல்' தொடரின் நாயகி. முகம், பிராச்சி என்கிற புனேக்காரப் பெண்ணுடையது. அவளுக்குத் தமிழ் தெரியாது. வாயை மட்டும் அழகாக அசைப்பாள். குரல் என்னுடையது. ஆறு வருஷமாக நாங்கள் இருவரும் சேர்ந்து ஒருத்தியாக இருக்கிறோம். நேரில் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறோம். அவள் இந்தியில் என்னவோ கேட்டாள், நான் தலையாட்டிவைத்தேன்.

எங்கள் டப்பிங் தொழிலில் கள்ள மூச்சு என்று ஒன்றைச் சொல்வோம். வசனம் நீளமாக இருக்கும். திரையில் உதடு நிற்காமல் ஓடும். மூச்சு வாங்க இடமே இருக்காது. அப்போது ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே, மைக்குக்குத் தெரியாமல், ஒரு வாய்க் காற்றைத் திருடிக்கொள்ள வேண்டும். முகத்தை இம்மி திருப்பி, தொண்டையைத் தளர்த்தி, சத்தமில்லாமல். மற்றவர்கள் பேசியதை எங்கள் சவுண்ட் இன்ஜினியர் அன்வர் உட்கார்ந்து மூச்சு மூச்சாக வெட்டி எடுப்பான். காலையில் பதிவு, ராத்திரி ஒளிபரப்பு என்று ஓடுகிற தொடரில் அதற்கு நேரம் ஏது? என் பதிவில் வெட்ட ஒன்றும் இருக்காது. இருபது வருஷமாக எனக்கு வேலை வருவதற்குப் பாதிக் காரணம் குரல், மீதிக் காரணம் இது.

“அக்கா, மூச்சை எங்கதான் வெச்சிருக்கீங்க? பீரோலயா?” என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டான் அன்வர். இந்தப் புகழ்ச்சியை எத்தனை முறை கேட்டாலும் எனக்கு அலுக்காது.

சாயங்காலம் கொஞ்சம் இழுப்பு இருந்தது. ஸ்டூடியோ ஏசி ஒத்துக்கொள்ளவில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

டாக்டர் ஷெர்லி இன்று எனக்கு என் நெஞ்சைக் காட்டினார்.

போன வாரம் ஒரு டப்பாவில் சளி எடுத்துக்கொண்டார்கள். அதைக் கண்ணாடித் துண்டில் தடவி, சாயம் ஏற்றி, பெரிதாக்கி, கம்ப்யூட்டர் திரையில் வைத்திருந்தார். அருவருப்பாக இருக்கும் என்று பயந்துகொண்டே பார்த்தேன். அழகாக இருந்தது. வெளிறிய நீலப் பரப்பில் ரோஜா நிறத்தில் உருண்டை உருண்டையாக, ஒவ்வொன்றுக்குள்ளும் பொடிப்பொடியாகச் சிவப்பு. கேசரியில் ரவை மின்னுவது போல.

“இதுங்க பேரு ஈசினோபில். வெள்ளை அணுக்கள்ல ஒரு வகை. குடல்ல புழு வந்தா அடிச்சுக் கொல்றதுக்குன்னு உடம்பு வெச்சிருக்கற காவல்காரங்க. உங்க நெஞ்சுல புழு எதுவும் இல்ல. ஆனா இதுங்க கூட்டமா வந்து உக்காந்திருக்கு. கையில இருக்கற ஆயுதத்தை யார் மேலயாவது வீசணும்ல? உங்க மூச்சுக்குழாய் மேலயே வீசுது. குழாயோட உள்பக்கம் புண்ணாகி வீங்கிப்போகுது. சளி கோந்து மாதிரி கெட்டியாகுது. அதான் உங்களுக்கு இழுக்குது.”

“இவங்களை யாரு டாக்டர் வரச் சொன்னது?”

அவர் சிரித்தார். “வேற சில அணுக்கள் ஒரு புரதத்தை விடும். அதுதான் இவங்களுக்கு அழைப்பு. வாங்க வாங்கன்னு கூப்பிடும். காரியம் முடிஞ்சா கூப்பாடு நிக்கணும். உங்களுக்கு நிக்கவே மாட்டேங்குது.”

ஒரு குரல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது, அதற்கு முகம் இல்லை. எனக்கு இது உடனே புரிந்தது.

நீல இன்ஹேலர் மூச்சுக்குழாயை அந்த நேரத்துக்குத் திறந்துவிடும், அவ்வளவுதான். வீக்கத்தை ஆற்றுவது காப்ஸ்யூல் போட்டு உறிஞ்சுகிற பொடிதான் என்று மறுபடி சொன்னார். அந்தப் பொடியை ஒரு வருஷமாக எடுக்கிறேன்.

“ரெண்டு வேளையும் எடுக்கறீங்களா?”

“ஒரு வேளை கூட விட்டதில்ல டாக்டர்.” இது சத்தியம்.

“எடுத்தும் இவ்வளவு கூட்டம்னா, இது கடுமையான ஆஸ்துமா வகை. இதுக்கு மேல ஊசிதான் யோசிக்கணும்” என்றார், பேனாவைக் கன்னத்தில் தட்டிக்கொண்டே. கடுமையான வகை என்றதும் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நம்மிடம் எதுவும் சாதாரணமாக வருவதில்லை.

டிசம்பர் 10, புதன்

காலையில் பொடி எடுத்தேன். காப்ஸ்யூலைப் போட்டு, குத்தி, வாயில் வைத்து, வழக்கம்போல ஓசையே இல்லாமல் உள்ளே இழுத்தேன். இரண்டடி தள்ளி என் வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. இந்த மருந்தில் எனக்குப் பிடித்தது, நாக்கில் இனிக்கிறது.

பிடிக்காதது, தொண்டையைக் கெடுக்கிறது. 'அத்தான்' என்று யாழரசி கூப்பிடும் இடத்தில் குரலில் ஒரு பிசிறு. இரண்டாவது டேக் போனோம். நான் இரண்டாவது டேக் போய் வெகு நாளாயிற்று.

டிசம்பர் 13, சனி

கனவில் ஒரு வீடு. உள்ளே நுழைந்தால் மாடிப்படி, படிக்கு மேல் இன்னொரு மாடிப்படி, போகப் போகக் குறுகிக்கொண்டே போகிறது. சுவரெல்லாம் ஈரம். தொட்டால் வெதுவெதுப்பு. படியின் இரண்டு பக்கமும் ரோஜா நிறச் சட்டை போட்ட காவல்காரர்கள் வரிசையாக உட்கார்ந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் நடக்க இடமில்லை. காலை மடக்கி வழிவிடச் சொன்னால் மடக்குகிறார்கள், ஆனாலும் இடம் வரவில்லை.

“உங்களை யாரு கூப்பிட்டது?” என்று கேட்டேன்.

“நீங்கதானே மேடம்” என்றான் ஒருவன், தயிரைப் பிசைந்துகொண்டே. “உங்க குரல் எங்களுக்குத் தெரியாதா?”

கோபித்துக்கொண்டு கத்த வாயைத் திறந்தேன். விழித்தபோது தலையணையை மார்போடு அணைத்து உட்கார்ந்திருந்தேன். பால்கனிக்குப் போனேன். மார்கழி இன்னும் பிறக்கவில்லை, அதற்குள் சாலிகிராமம் முழுக்கப் பனி இறங்கியிருந்தது. தெருவிளக்குக்குக் கீழே ஒரு நாய் வட்டமிட்டு வட்டமிட்டுப் படுக்க இடம் பார்த்தது. இவர் எழுந்துவிடக் கூடாதே என்று கதவைச் சாத்திவைத்தேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

லிஃப்ட் வேலை செய்யவில்லை. மாடி ஏறும்போது ஒவ்வொரு மாடியிலும் நின்று போனில் யாரிடமோ பேசுவது போல நடித்தேன். எதிர்வீட்டு மாமி நம்பிவிட்டார். நடிப்பு என் தொழில்.

ஜனவரி 2, வெள்ளி

புது வருஷத்துக்கு நல்ல சேதி. டப்பிங்கைப் பார்த்துக்கொள்ளும் பிரகாசம் சார் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: யாழரசி கோர்ட்டில் பேசப் போகிறாள். கிட்டத்தட்ட ஒரு எபிசோடு முழுக்க அவள் மட்டும்தான். மாப்பிள்ளை, அவன் அம்மா, அத்தை, ஓடிப்போன மாமன் எல்லாரையும் நிற்கவைத்துக் கேட்கப் போகிறாள்.

“தமயந்திம்மா, எழுதினவர் உங்க குரலை மனசுல வெச்சே எழுதியிருக்காரு. பிராச்சி ஒரே மூச்சுல வாயசைச்சுத் தள்ளிடுச்சு. நடுவுல இடமே இல்ல. இதை நீங்க ஒருத்தர்தான் பேச முடியும்.”

ஆறு வருஷமாக யாழரசி அழுதிருக்கிறாள், மன்னித்திருக்கிறாள், விஷம் கலந்த பாலைக் குடித்திருக்கிறாள். இப்போதுதான் முதன்முறையாகப் பேசப்போகிறாள். அதை நான்தான் பேச வேண்டும். வேறு எதையும் இந்த வருஷம் நான் கேட்கப் போவதில்லை.

வெளியே வந்தபோது சோபாவில் மிருதுளா என்கிற புதுப்பெண் மடியில் வெந்நீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தாள். சும்மா பழக வந்திருக்கிறாளாம். என் தொண்டை கரகரக்கிற சமயம் பார்த்துச் சும்மா பழக வருகிறார்கள்.

ஜனவரி 8, வியாழன்

நீல இன்ஹேலர் தீர்ந்துவிட்டது. போன வாரம்தான் வாங்கினேன். கம்பெனிக்காரன் குறைத்து அடைக்கிறான் போல.

விடியும்வரை பால்கனியில் இருந்தேன். முழங்கையை முட்டியில் ஊன்றிக் குனிந்து உட்கார்ந்தால் வசதியாக இருக்கிறது. பனியில் பால் வண்டி வந்ததும் போனதும் சத்தமாக மட்டும் தெரிந்தது. டாக்டருக்குப் போன் செய்ய நினைத்தேன். செய்தால் ஓய்வெடு என்பார். கோர்ட் சீன் முடியட்டும்.

ஜனவரி 14, புதன்

போகி. ஜன்னலைத் திறந்தால் தெருவைக் காணவில்லை. பழைய பாயும் டயரும் எரிகிற வாடை. எதிர்வீட்டு மாடி மட்டும் புகைக்கு மேலே தனியாக மிதந்தது, கீழே எதுவுமில்லாமல். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

“இன்னிக்குப் போகாதே தமா” என்றார் இவர். பொங்கல் விடுமுறைக்கு முன்பே நாலு எபிசோடு முடித்துக்கொடுக்க வேண்டும். துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறேன்.

ஜனவரி 17, சனி

ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுதுகிறேன். டைரியை இவர் கொண்டுவந்து கொடுத்தார். பிரித்துப் படித்தாரா தெரியவில்லை. படித்திருந்தால் பீரோ ஜோக்கைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பார்.

நடந்தது இது. டப்பிங் அறைக்குள் இருட்டு. சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் யாழரசி கோவில் பிராகாரத்தில் ஓடிக்கொண்டிருந்தாள். நான் அவளுக்காக மூச்சிரைத்தேன். சின்னச் சின்னதாக உள்ளே இழுத்துக்கொண்டே போனேன், வெளியே எதுவும் போகவில்லை. நெஞ்சு நிரம்பி, அதற்கு மேல் இடமில்லாமல் நின்றது. விசித்திரம் என்னவென்றால் எனக்குப் பயம் வரவில்லை. அவளுடைய பாவாடைக் கரை தரையில் புரண்டு போவதைப் பார்த்துக்கொண்டு, எவ்வளவு மெதுவாக ஓடுகிறாள் என்று நினைத்தேன். அறைச் சுவரின் பஞ்சு மெத்தை பக்கத்தில் வந்து என்னைச் சுற்றிக்கொண்டது. கத்தவில்லை. தட்டவில்லை. என்னால் முடிந்த ஒரே காரியத்தைச் செய்தேன்: இழுப்பு பதிவாகிவிடப் போகிறதே என்று மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அன்வர்தான் கதவைத் திறந்தான். “உங்க குரலோட கோடு ஸ்க்ரீன்ல படுத்துடுச்சு அக்கா. சீன்ல அவ ஓடிட்டிருக்கா, கோடு படுத்துக் கெடக்கு. நான் மெஷின்ல கோளாறுன்னு ஒரு நிமிஷம் ஒயரைப் பாத்துட்டிருந்தேன். ஒரு நிமிஷம் அக்கா” என்று நேற்று வந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதான். நான் அவனைத் தேற்றினேன். சத்தம் போடாமல் இருந்தது நான், அழுகிறது அவன்.

நெபுலைசர், ஆக்சிஜன், நரம்பில் ஸ்டீராய்டு. எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடப்பது போல இருந்தது. டாக்டர் ஷெர்லி கேட்டார், “ராத்திரில இழுப்பு வருமா?”

“எப்பவாவது” என்றேன்.

“ஐப்பசிலேருந்து தினமும் டாக்டர்” என்றார் இவர். “விடியக்காலம்தான் ஜாஸ்தி. பால்கனில போய் உக்காந்துக்குவா. நான் எழுந்து போனா சங்கடப்படுவாளேன்னு கதவுக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டிருப்பேன்.”

மின்வாரியத்தில் நாள் முழுக்க அலைந்துவிட்டு வருகிற மனிதர். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஜனவரி 19, திங்கள்

இன்றைக்கு நடந்ததை எழுதவே வெட்கமாக இருக்கிறது. எழுதுகிறேன்.

டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது, பொடி இன்ஹேலரைத் தன் முன்னால் ஒரு முறை எடுத்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். நன்றாகவே செய்தேன் என்று நினைத்தேன்.

“ம், எடுங்க.”

“எடுத்தாச்சு டாக்டர்.”

“எப்போ? சத்தமே கேக்கலையே?”

“கேக்காது டாக்டர்” என்றேன், பெருமையோடு.

அவர் என் கையிலிருந்து அதை வாங்கித் திறந்தார். காப்ஸ்யூலைப் பிரித்துத் தன் உள்ளங்கையில் தட்டினார். பொடி முக்கால்வாசி அப்படியே விழுந்தது. என் நாக்கை நீட்டச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கிறதாம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“தமயந்தி, இதை வேகமா, பலமா உறிஞ்சணும். உள்ள காப்ஸ்யூல் விர்ருன்னு சுத்தணும். அந்தச் சத்தம் பக்கத்து ரூமுக்குக் கேக்கணும். அப்பத்தான் மருந்து குழாய் வரைக்கும் போகும். நீங்க எடுக்கற மாதிரி எடுத்தா முக்கால்வாசி டப்பாலயே நிக்குது, மீதி நாக்குலயும் தொண்டையிலயும் ஒட்டிக்குது. அதான் குரல் கம்முது. நெஞ்சுக்கு ஒரு துளிகூடப் போகல.”

“ஒரு வருஷமாவா?”

“ஒரு வருஷமா.” உள்ளங்கையை என் பக்கம் நீட்டினார். “தப்பு எனக்கும்தான். எடுக்கறீங்களான்னுதான் கேட்டேன். எப்படி எடுக்கறீங்கன்னு ஒரு தடவைகூடப் பாக்கல.”

கள்ள மூச்சைப் பற்றி அப்போதுதான் அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, சிரிப்பதா கூடாதா என்று தெரியாமல் முகத்தை வைத்துக்கொண்டார். பிறகு இன்னொன்றும் சொன்னார். குழாய் சுருங்கியிருக்கும்போது குட்டிக் குட்டியாக இழுத்துக்கொண்டே போனால் பழைய காற்று வெளியேறாமல் உள்ளே தேங்கிவிடும்; போகியன்று அறைக்குள் நடந்ததில் அதற்கும் பங்கு உண்டு. மூன்று மாதத்துக்கு அந்த மூச்சே கூடாது. மைக் முன்னாலும் கூடாது.

என் பெருமை முழுக்க ஒரு சிட்டிகைப் பொடியாக அவர் உள்ளங்கையில் கிடந்தது. ரோஜா நிறச் சட்டைக்காரர்கள் ஒரு வருஷமாகத் தொந்தரவே இல்லாமல் உள்ளே விருந்து சாப்பிட்டிருக்கிறார்கள்.

ஜனவரி 24, சனி

வீட்டுக்கு வந்துவிட்டேன். காலையிலும் ராத்திரியிலும் பயிற்சி. முதலில் எனக்கு வரவே இல்லை. மூச்சைச் சத்தமாக இழுக்க வேண்டும் என்றால் தொண்டை தானாகப் பம்முகிறது. பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இழுத்தேன். விர்ரென்று ஒரு சத்தம் கேட்டு நானே திடுக்கிட்டேன்.

“மிக்ஸி ஓடுதா?” என்று கேட்டார் இவர்.

“இல்லீங்க, நான்தான்.”

உடனே வாய் கொப்பளிக்கிறேன். இனிப்பு இல்லை.

ஜனவரி 27, செவ்வாய்

ஸ்டீராய்டு மாத்திரையில் தூக்கம் எது, விழிப்பு எது என்று தெரியவில்லை. முகம் பூரி போல உப்பியிருக்கிறது. எந்நேரமும் பசி. பகலில் கண்ணை மூடினால் அந்த வீடு வந்துவிடுகிறது.

இன்று மதியம் அங்கே போனேன். படிகளில் ஆங்காங்கே வெற்றிடம். கைச்சட்டையை மடித்துக்கொண்டும், டிபன் டப்பாவைத் துணியில் முடிந்துகொண்டும் காவல்காரர்கள் இறங்கிப்போனார்கள். சுவர் அவ்வளவு ஈரமாக இல்லை. எங்கிருந்தோ மெல்லிய காற்று வந்து என் புடவையைத் தொட்டது. கடைசிப் படியில் ஒரு வயதான காவல்காரர் நின்று, “போய்ட்டு வரட்டுமா மேடம்?” என்றார்.

“போங்க. வராதீங்க” என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. விழித்த பிறகும் அவருக்காக வருத்தமாக இருந்தது.

பிப்ரவரி 3, செவ்வாய்

யாழரசி இப்போது மிருதுளாவின் குரலில் பேசுகிறாள்.

டிவியைப் போடக் கூடாது என்றிருந்தேன். ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு எங்கள் அடுக்குமாடியில் எல்லா வீட்டிலும் அதுதான் ஓடுகிறது. சுவருக்குச் சுவர் அவள் குரல் வருகிறது. நல்ல குரல், இளசு. வல்லின ஒற்றை விழுங்குகிறாள். 'பயப்படாதீங்க' என்பதில் பயமே இல்லை. எனக்குப் பொறாமை. ஆறு வருஷம் நான் இருந்த வாய்க்குள் இன்னொருத்தி குடியேறிவிட்டாள். பிராச்சிக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

“அணைச்சிடவா?” என்றார் இவர், எங்கள் டிவி ஓடவே இல்லை என்பதை மறந்து.

பிப்ரவரி 11, புதன்

மாடி ஏறினேன். எங்கும் நிற்கவில்லை. எதிர்வீட்டு மாமி, “இன்னிக்குப் போன் வரலையா?” என்று கேட்டார். அவரும் நம்பியிருக்கவில்லை போலிருக்கிறது.

பிப்ரவரி 24, செவ்வாய்

ஸ்டீராய்டு மாத்திரை நிறுத்தி மூன்று வாரமாகிவிட்டதால் மறுபடி சளி எடுத்துப் பார்த்தார்கள். திரையில் அதே வெளிறிய நீலம், அதே ரோஜா உருண்டைகள். ஆனால் நடுவில் நிறைய நீலம் தெரிந்தது.

“பாதிக்குமேல போயிடுச்சு. இது பொடி ஒழுங்கா உள்ள போனதோட பலன்” என்றார் டாக்டர். “ஆனா மிச்சம் இருக்கறதும் உங்களுக்கு அதிகம்தான். இதுதான் நெஜமான கடுமையான வகை. அதுக்கு ஊசி போடலாம். மாசம் ஒண்ணு.”

“ஊசி அவங்களைக் கொன்னுடுமா?”

“ஊசி அந்தக் கூப்பாட்டைப் பிடிச்சுக்கும். அழைப்பு போய்ச் சேராது. புதுசா கூட்டம் வராது, இருக்கறதும் மெல்ல அடங்கிடும்.”

கையில் போட்டார்கள். எறும்புக் கடி போலத்தான். அரை மணி நேரம் உட்கார்ந்திருக்கச் சொன்னார்கள். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் இலை உதிர்த்துக்கொண்டிருந்தது. யாரையோ நம்பி இத்தனை வருஷம் கூப்பிட்ட ஒரு குரல் உள்ளே மெல்ல மெல்ல அடங்கப்போகிறது. எனக்கு நல்லதுதான். இருந்தாலும் ஒரு குரல் நிற்பதை நினைத்தால் எனக்குத் துக்கம் வராமல் இருக்காது. கைக்குட்டையை எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 4, புதன்

பிரகாசம் சார் போன் செய்தார். கோர்ட் சீன் இன்னும் வரவே இல்லையாம்! நீதிபதிக்கு நெஞ்சுவலி, வக்கீல் கடத்தல், சாட்சி பல்டி என்று இழுத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை பதிவு.

“மிருதுளா நல்லாத்தான் பண்ணுது. ஆனா இதுக்கு அது பத்தாதும்மா. இது உங்களோடது. இதைப் பேசினீங்கன்னா திரும்ப நீங்களே கன்டினியூ பண்ணலாம், நான் சானல்ல பேசிட்டேன். குரல் எப்படி இருக்கு?”

“நல்லாருக்கு சார்” என்றேன். உண்மை. பிசிறு போய்விட்டது. போனை வைத்த பிறகு சமையலறையில் நின்று, யாழரசியாக ஒரு முறை 'அத்தான்' என்றேன். இவர் ஹாலிலிருந்து “என்ன?” என்றார். பத்தொன்பது வருஷத்தில் நான் இவரை அத்தான் என்று கூப்பிட்டதே இல்லை.

மார்ச் 6, வெள்ளி

அறைக்குள் போனதும் இருட்டு என்னைத் தெரிந்துகொண்டது. அன்வர் மைக்கை நான் தொடத் தேவையில்லாமல் என் உயரத்துக்கு வைத்திருந்தான். ஒரு ஓரத்தில் மிருதுளா. வணக்கம் சொன்னாள், பாவம், இரண்டு முறை.

திரையில் யாழரசி கூண்டில் ஏறினாள். வசனத் தாளில் நாலு பக்கம். முதல் வரியைப் படித்தபோதே எனக்கு மயிர்க்கூச்செறிந்தது: 'என் மௌனத்தை எல்லாரும் சம்மதம்னு எடுத்துக்கிட்டீங்க.'

டாக்டர் சொன்னபடி முழு மூச்செடுத்துப் பேசினேன். குரல் எழும்பிய விதத்தில் எனக்கே கண் கலங்கியது. ஆனால் ஒவ்வொரு மூச்சுக்கும் பிராச்சியின் உதடு இரண்டு சொல் முன்னால் ஓடிவிட்டது. மறுபடி. மறுபடியும் அப்படியே.

பிரகாசம் சார் உள்ளே வந்தார். “அம்மா, பிரமாதம். ஆனா லிப் ஒக்காரல. மூச்சும் நல்லா கேக்குது. நம்ம பழைய மூச்சுல அடிச்சிடுங்க. ஒரே ஒரு தடவை.”

ஒரே ஒரு தடவை. சரி என்றேன்.

சிவப்பு விளக்கு. முகத்தை இம்மி திருப்பினேன். அது எங்கும் போய்விடவில்லை. என் வீட்டுச் சாவி போல கைக்கு வந்தது. சொல்லுக்குச் சொல் நடுவே திருடித் திருடி முதல் பக்கத்தைத் தாண்டினேன். உதடும் குரலும் ஒட்டிக்கொண்டன. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பிரகாசம் சார் இரண்டு கையையும் தூக்கினார். அன்வர் மட்டும் திரையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு சுகமாக இருந்தது என்று சொன்னால் யாருக்கும் புரியாது. நான் அவளாகவே இருந்தேன். இரண்டாம் பக்கத்தின் நடுவில், நெஞ்சின் அடியில் பழைய காற்று ஒரு விரற்கடை தேங்கி நின்றதை உணர்ந்தேன். வலியில்லை. இழுப்பில்லை. வெறுமனே ஒரு விரற்கடை.

பேச்சை நிறுத்தினேன். யாழரசி குரலில்லாமல் வாயசைத்துக்கொண்டே போனாள்.

“என்னம்மா? நல்லா போய்ட்டிருந்ததே?”

“முடியும் சார். நாலு பக்கத்தையும் இப்படியே முடிச்சிடுவேன். ஆனா நான் பண்ணல.”

அவர் கெட்ட மனிதரில்லை. கடிகாரத்தைப் பார்த்தார், ராத்திரி எட்டுக்கு ஒளிபரப்பு. “அப்போ மிருதுளாவே பேசட்டும். மேல கன்டினியூவும் அதுவே பண்ணட்டும். வேற வழியில்லம்மா” என்றார். வசனத் தாளை அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். அன்வர் ஆட்டோ வரைக்கும் வந்தான்.

எட்டு மணிக்கு இவர் கேட்காமலேயே டிவியைப் போட்டார். ஹாலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். யாழரசி கூண்டில் ஏறினாள், வாயைத் திறந்தாள், வேறொருத்தி பேசினாள். முதல் வரியிலேயே எனக்கு உடைந்துவிட்டது. ஆறு வருஷம் யாழரசிக்காக விதவிதமாக அழுதிருக்கிறேன்: கேவல், விம்மல், அடக்கிய அழுகை, முந்தானைக்குள் அழுகை. இது எதிலும் சேராத அழுகை. வாயைத் திறந்து, அசிங்கமாக, எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி. ஒவ்வொரு கேவலுக்கும் முன்னால் காற்று பெரிய சத்தத்தோடு உள்ளே போனது, அடிவரைக்கும் போனது, முழுசாக வெளியே வந்தது. திருப்பிக்கொள்ள மைக் எதுவும் இல்லை.

இவர் டிவியை அணைத்தார். என் முதுகில் கையை வைத்து, நான் அழுவதையே கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நல்லா அழு தமா” என்றார். “மூச்சு நல்லா வருது.”

நான் இன்னும் கொஞ்ச நேரம் அழுதேன்.